மருந்துச் சன்னல்: கஞ்சா எண்ணெயும் மார்ஃபின் மாத்திரையும்

(தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

போன இதழில் வலி மாத்திரைகளைப் பற்றி எழுதியதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கஞ்சாவைப் பற்றி. கேட்கக் கூசும் விஷயம் என்று பலர் பெயரையே போடவில்லை. கூச ஒன்றும் இல்லை. வலியில் துடிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் யாரும் எதையும் தேடத்தான் செய்வார்கள். சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, வணக்கம். என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. டிராமடால் மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார். ஓசூரில் என்னோடு வேலை செய்யும் நண்பர், இணையத்தில் கஞ்சா எண்ணெயைச் சட்டப்படியே விற்கிறார்கள் என்று காட்டினார். சின்னக் குப்பிக்கே ஆயிரக்கணக்கில் விலை. வீடியோவில் ஒரு டாக்டர் ஐந்து நிமிடம் பேசிவிட்டுச் சீட்டு அனுப்பிவிடுவாராம். வாங்கலாமா? போலீஸ் தொந்தரவு வருமா?
– வ.மு., காரிமங்கலம்

தம்பி, போலீஸைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் மார்ஃபின் என்ற பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் வகுத்தது. பாராசிட்டமால் போன்றவை முதல் படி. கோடீன், டிராமடால் போன்றவை இரண்டாம் படி. மார்ஃபின் மூன்றாம் படி. உங்கள் தாயார் இரண்டாம் படியில் நிற்கிறார். நீங்களோ மேலே ஏறாமல் இறங்கிக் கடைத்தெருவுக்குப் போகப் பார்க்கிறீர்கள்.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், செடியின் பூவும் காயும் உள்ள நுனியைத்தான் கஞ்சா என்கிறது. அதன் பிசின் சரஸ். நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இணைய வியாபாரம் நடப்பது இந்தச் சந்தில்தான். இலையிலிருந்து எடுத்த சாறு என்று சொல்லி, ஆயுர்வேத மருந்து உரிமம் வாங்கி, கஞ்சாவுக்கு ஆயுர்வேதத்தில் வழங்கும் ‘விஜயா’ என்ற பெயரில் லேபிள் ஒட்டுகிறார்கள். உரிமம் உண்மையாக இருந்தால் அது ஆயுர்வேத மருந்து. குப்பிக்குள் இருப்பது இலைச்சாறா, நுனிச்சாறா என்பதை நீங்களும் நானும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். செடியில் இருக்கும் பொருட்களில் போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு, போதை தராத சி.பி.டி. எவ்வளவு என்று ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் ஆய்வறிக்கை தராத விற்பனையாளர் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் இன்னொரு பழைய சட்டமும் குறுக்கே நிற்கிறது. அதை அரூர்க்காரரின் கேள்விக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன், அதையும் படித்துவிடுங்கள்.

சரி, அது வலியைக் குறைக்குமா? மார்ஃபின் வகை மருந்துகளாலும் அடங்காத புற்றுநோய் வலிக்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறையச் சம அளவில் கலந்த வாய்த்தெளிப்பு மருந்தைப் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத போலித் தெளிப்பைவிட அது மேல் என்று நிறுவ முடியவில்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புற்றுநோயைக் குணப்படுத்தக் கஞ்சாவை நம்பாதீர்கள் என்கிறது. கீமோவுக்குப் பின் மற்ற மருந்துகளுக்கு அடங்காத வாந்தி இருந்தால் மட்டும் யோசிக்கலாம் என்று ஓரமாக இடம் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட பண்டத்துக்கு மாதம் பல ஆயிரம் கொடுக்க நினைக்கிறீர்கள். மார்ஃபின் மாத்திரையோ மலிவு. அரசு மருத்துவமனையில் கிடைத்தால் காசே கிடையாது.

அப்படியானால் டாக்டர்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். 1985-இல் அந்தச் சட்டம் வந்தபோது கள்ளக்கடத்தலை ஒடுக்குவதே நோக்கமாக இருந்தது. விதிகளை எழுதுவதை மாநிலங்களிடம் விட்டார்கள். ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் வைத்திருக்க ஓர் உரிமம், வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவர ஓர் உரிமம், அனுப்புகிற மாநிலத்தின் அனுமதி, வழியில் எடுத்துவர ஒரு சீட்டு என்று அலைய வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். நாடு முழுவதும் 1985-இல் 716 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவுக்கு விழுந்துவிட்டது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி வளர்கிறது. அதன் பாலான அபினியிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே ஆலை வைத்து அபினியைப் பதப்படுத்துகிறது. பாலைக் கறந்து ஊருக்கு ஊற்றிவிட்டு வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்ட கதைதான்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மார்ஃபினுக்குத் தனி இரும்பு அலமாரி. இரட்டைப் பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று மருத்துவ அலுவலரிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். பக்க எண் அச்சிட்ட பதிவேட்டில் நோயாளி பெயர், முகவரி, சீட்டு எண், கொடுத்தது, மீதி என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். ஒரு மாத்திரை உருண்டு மேசைக்கு அடியில் போனால்கூட முட்டிபோட்டுத் தேடி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. இந்தச் சள்ளைக்குப் பயந்தே எழுதாத டாக்டர்கள் உண்டு. அலமாரியில் அட்டை அட்டையாகக் காலாவதியாகும், வார்டில் ஒரு தாத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து முனகிக்கொண்டிருப்பார். அந்தப் பதிவேட்டில் ‘காலாவதி, அழிக்கப்பட்டது’ என்று என் கையால் எழுதிய வரிகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபெண்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் மாறிய விதி போய், நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. வலி நிவாரணப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்கும் மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் வாங்கினால் போதும். சட்டம் திறந்துவிட்டது, தம்பி. இன்னும் திறக்காதது பழைய பயம்.

ஆகவே தாயாரின் சிகிச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ‘வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை’ பிரிவு எங்கே என்று கேளுங்கள். ‘வலி தாங்கவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் இன்னோர் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ‘டிராமடால் கேட்கவில்லை, மார்ஃபின் தொடங்கலாமா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எலும்பு வலிக்கு ஒரே அமர்வில் கொடுக்கும் கதிர்வீச்சுகூட நல்ல பலன் தரும், அதையும் கேளுங்கள். இன்னொன்று: புற்று முதுகெலும்பில் இருப்பதால், அவருக்குக் கால் திடீரென்று மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அன்றைக்கே போய்விட வேண்டும்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா காலங்காலமாக உண்டு. வெள்ளைக்காரன்தான் சட்டம் போட்டு நம் மருந்தை நம்மிடமிருந்து பிடுங்கினான் என்கிறார் எங்கள் ஊர் வைத்தியர். உண்மையா?
– ‘பெயர் வேண்டாம்’, அரூர்

முதல் பாதி உண்மை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் இ-1 என்று ஓர் அட்டவணை இருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் பட்டியல் அது. சித்த மருத்துவப் பிரிவில் எட்டி, அலரி, சேராங்கொட்டை, நேர்வாளம், குன்றி இவற்றோடு கஞ்சாவும் அபினியும் இருக்கின்றன. இவை சேர்ந்த மருந்தின் லேபிளில் ‘மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆக, உரிமம் பெற்ற தயாரிப்பாளரும் பதிவுபெற்ற சித்த மருத்துவரும் இருந்தால் அதற்கு வழி உண்டு. வைத்தியர் வீட்டுக் கொல்லையில் அரைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதற்கு வழி இல்லை.

இரண்டாம் பாதியில் வைத்தியர் வெள்ளைக்காரன் மேல் போடும் பழி ஒட்டாது. ஆங்கிலேய அரசு 1893-இல் அமைத்த கஞ்சா விசாரணைக் குழு நாடெல்லாம் சாட்சியம் வாங்கிவிட்டு, முழுத்தடை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. வரி வருகிற பொருளை யார் விடுவார்கள்? தடை போட்டது நம்மவர்கள். அதுவும் முதலில் நம் ஊரில்! ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாக வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்தைச் சேர்ந்தவை. தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965-இல்தான். அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கள், சாராயத்தோடு நிற்கவில்லை. கஞ்சாச் செடியின் இலையையும் போதைப்பொருள் என்று சேர்த்துக்கொண்டது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க அரசு உரிமத்தோடு கடை இருக்கும், இங்கே இருக்காது. மத்தியச் சட்டம் விட்ட இலையை நம் மாநிலச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் காரிமங்கலம் தம்பிக்கும் சொல்கிறேன்: வடநாட்டு விற்பனையாளர் ‘இந்தியா முழுவதும் சட்டப்படி சரி’ என்று விளம்பரம் செய்வதை அப்படியே நம்பக் கூடாது. எந்தக் குப்பியாக இருந்தாலும் உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் சித்தப்பா அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். தீராத முதுகுவலிக்கு அங்கே அவருக்கு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் கடையிலேயே கஞ்சா எண்ணெய் கிடைக்கிறதாம். என் தங்கை கல்யாணத்துக்கு வரும்போது பாட்டியின் மூட்டுவலிக்கு ஒரு குப்பி கொண்டுவருகிறேன் என்கிறார். டாக்டர் சீட்டு இருந்தால் விமானத்தில் விடுவார்கள்தானே?
– செ.ப்ரி., கிருஷ்ணகிரி

விடமாட்டார்கள் அம்மா. சித்தப்பாவுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அங்கே நடப்பதைப் புரிந்துகொண்டால் ஏன் என்பது தெரியும். 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் நோயாளிகளுக்குக் கஞ்சாவை அனுமதித்தார்கள். பிறகு ஒவ்வொரு மாநிலமாகத் தன் தன் விதியை எழுதிக்கொண்டது. நியூ ஜெர்சி 2010-இல். எந்த நோய்க்கு அட்டை, எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், வீட்டில் செடி வளர்க்கலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸ் 2015-இல் தொடங்கியபோது கடுமையான வலிப்பு நோய்க்கு மட்டும், டி.எச்.சி. மிகக் குறைந்த எண்ணெயை மட்டும் அனுமதித்தது. அங்கே டாக்டர் நாம் நினைப்பதுபோல மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. ‘இவருக்கு இந்த நோய் இருக்கிறது’ என்று சான்றளிக்கிறார், மாநிலம் அட்டை தருகிறது. கடையில் வாங்கியதை அடுத்த மாநிலத்துக்கு எடுத்துப் போனாலே அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். பக்கத்து மாநிலத்துக்கே செல்லாத அட்டை கெம்பேகவுடா விமான நிலையத்தில் எப்படிச் செல்லும்?

நம் நாட்டுக்குள் போதைமருந்து கொண்டுவர வேண்டுமானால் குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் ஆணையரின் இறக்குமதிச் சான்று வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறவரின் கைப்பைக்கு அது கிடைக்காது. வழியில் துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறினால் இன்னும் ஆபத்து. பாட்டியின் மூட்டுக்கு நல்ல எலும்பு மருத்துவரையும் இயன்முறைப் பயிற்சியையும் பாருங்கள். சித்தப்பா வரும்போது வழக்கம்போல பாதாம் பருப்பும் சாக்லேட்டும் கொண்டுவரட்டும்.

என் மகனுக்கு ஆறு வயது. வலிப்பு. மூன்று மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. வெளிநாட்டில் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தில் குழந்தைகளுக்கு வலிப்பு நிற்கிறது என்று படித்தேன். அது பொய்யா?
– ஒரு தாய், பென்னாகரம்

பொய் இல்லை அம்மா. இந்தக் கடிதக் கட்டில் கஞ்சாவுக்கு உறுதியான ஆதாரம் இருக்கிற கேள்வி உங்களுடையதுதான்.

1839-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓஷானெஸி என்ற ஐரிஷ் மருத்துவர், வலிப்பு கண்ட பச்சிளங்குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். மேலைநாட்டு மருத்துவத்துக்குள் அந்தச் செடி நுழைந்ததே அப்படித்தான். பிறகு வெகுகாலம் கிடப்பில் கிடந்தது. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, செடியிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய சி.பி.டி. திரவத்தை அனுமதித்தது. எல்லா வலிப்புக்கும் இல்லை. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு அரிய, கடுமையான வகைகளுக்கு. 2020-இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயால் வரும் வலிப்பையும் சேர்த்தார்கள். அதைக் குடித்தால் போதை வராது.

உங்கள் மகனுக்கு எந்த வகை வலிப்பு என்று யாராவது பெயர் சொல்லியிருக்கிறார்களா? அதுதான் முதல் வேலை. சேலத்திலோ பெங்களூரிலோ குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மூளை அலைப் பதிவோடு இந்தக் கேள்வியையும் வையுங்கள். இணையத்தில் விற்கும் எண்ணெயை வாங்கி நீங்களே சொட்டு விடாதீர்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே சோடியம் வால்ப்ரோயேட் ஓடுகிறதென்றால் சி.பி.டி. சேரும்போது ஈரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோபசாம் ஓடினால் அது உடம்பில் தேங்கிக் குழந்தை தூங்கித் தூங்கி விழும். அளவை யார் மாற்றுவது, எப்போது ரத்தம் எடுப்பது என்பதெல்லாம் மருத்துவரின் வேலை. எது எப்படியானாலும் இப்போது கொடுக்கும் மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

என் மாமியாருக்கு வாய்ப்புற்று. மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். ‘கடைசிக் கட்டத்தில்தான் இதைக் கொடுப்பார்கள், கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், பழக்கமும் ஆகிவிடும்’ என்று என் நாத்தனார் அட்டையைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். என்ன செய்வது?
– ச., ஊத்தங்கரை

பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை நாத்தனாரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அண்ணி, உங்கள் தாயார்மேல் உள்ள பாசத்தில்தான் ஒளித்து வைத்தீர்கள், தெரிகிறது. மார்ஃபினைக் கொடுப்பது வலி எவ்வளவு என்று பார்த்துத்தான், ஆயுள் எவ்வளவு என்று பார்த்தல்ல. வலிக்கு ஏற்ற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் அது யாரையும் முன்கூட்டி அனுப்பாது. வலியில்லாதவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், கதிர்வீச்சைத் தாங்குகிறார். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டே ரேஷன் கடைக்குப் போய் வந்தவர்களுக்கு என் சன்னல் வழியாக நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

பழக்கம் பற்றி: உடம்பு மருந்துக்குப் பழகும். ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போதைக்காக அலைவது வேறு. புற்றுநோய் வலிக்கு முறையாகச் சாப்பிடுகிறவர்களிடம் அது அரிது.

வேலையாக நீங்கள் கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் நிற்கும். வலி வந்த பிறகு கொடுப்பதற்கு அல்ல அது. வலி திரும்புமுன் கொடுப்பதற்கு. ‘இப்போது நன்றாகத்தானே தூங்குகிறார், அப்புறம் தரலாம்’ என்று தள்ளிப்போட்டால் வலி முழு மூச்சில் வரும், அதை அடக்க இரண்டு வேளை பிடிக்கும். இரவில் எழுப்பாமல் இருக்க என்ன செய்யலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் மயக்கமும் இருக்கும், பிறகு தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பலர் மார்ஃபினை நிறுத்துவது வலி போனதால் அல்ல, வயிறு இறுகிப்போனதால். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுப்பினாலும் எழாத மயக்கமோ, மூச்சு மிகவும் மெதுவாவதோ தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க உதவி வேண்டுமென்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். திட்டத்தையே 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். யாரும் வரவில்லை என்றால் 104-க்கு அழையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

அப்பாவுக்குப் பெங்களூரில் சிகிச்சை. அங்கே கொடுத்த மார்ஃபின் மாத்திரையோடு பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி வருகிறேன். சோதனையில் பிடித்தால் என்னாகும்? மாநிலம் மாறுகிறதே.
– இரா., பர்கூர்

ஒன்றும் ஆகாது, ஐயா. நோயாளிக்காக ஒரு தடவையில் முறைப்படி கொடுக்கப்பட்ட அளவை நீங்கள் வைத்திருக்க விதியே அனுமதிக்கிறது. முதல் பதிலில் சொன்ன, மார்ஃபின் சேர்ந்த அந்த ஆறு மருந்துகளுக்கும் மத்திய விதிதான். கர்நாடகம், தமிழ்நாடு என்ற பேதம் இல்லை. மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போடாதீர்கள். சீட்டும் மருத்துவமனை ரசீதும் அட்டையோடு சேர்ந்தே ஒரே உறையில் இருக்கட்டும். சீட்டை ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள், மழையில் நனைந்தால் எழுத்து போய்விடும்.

என் கணவர் இறந்துவிட்டார். மார்ஃபின் மாத்திரைகள் மீதி இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒருவருக்கு இடுப்பு வலி, கேட்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் இல்லை, பாலக்கோடு

வேண்டாம் அம்மா. உங்கள் கணவருக்குப் பழகிய அளவு, பழகாத உடம்பில் மூச்சை நிறுத்திவிடும். சட்டப்படியும் அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நாளைத் தள்ள வேண்டாம்.

‘ஹெம்ப்’ விதை என்று பெங்களூர்க் கடையில் விற்கிறார்கள். அதுவும் கஞ்சா விதைதானாமே? வாங்கினால் கைது செய்வார்களா?
– க.து., ஓசூர்

செய்யமாட்டார்கள். சணல் வகைக் கஞ்சாவின் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அனுமதித்தது. டி.எச்.சி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போதையும் வராது, நோயும் தீராது. புரதம் உண்டு. அதே காசுக்கு நம் கொள்ளும் எள்ளும் மூட்டையாக வரும், உங்கள் விருப்பம்.

உத்தரகாண்டில் விவசாயிகள் கஞ்சா பயிரிட அரசே அனுமதிக்கிறதாம். எனக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. கூழ் ஆலைக்காரர்கள் கொடுக்கும் விலை பறிகூலிக்கே பற்றவில்லை. மருந்துக் கம்பெனிக்கு என்று சொல்லி மரத்துக்கிடையே ஊடுபயிராகப் போட்டால் என்ன?
– மு.வெ., காவேரிப்பட்டணம்

உத்தரகாண்ட் அனுமதித்தது நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் வகையை, டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்குள் இருப்பதை, அதுவும் உரிமம் வாங்கியவருக்கு. போதைப்பொருள் சட்டத்திலேயே மாநில அரசுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் மருந்துக்காகவே வளர்த்து ஆராய்கிறது. ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 2020 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரவாகத்தான் கை தூக்கியது. காற்று மாறுகிறது என்பது உண்மைதான்.

அது காவேரிப்பட்டணம்வரை வரவில்லை, ஐயா. இங்கே ஒரு செடி வளர்த்தாலும் பத்து ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். குத்தகைக்கு விட்ட நிலத்தில் வேறொருவர் போட்டிருந்தால்கூட, தெரிந்தவுடன் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டிய கடமை நில உடைமையாளருக்கு உண்டு. மூடி மறைத்தால் நீங்களும் உள்ளே. அஞ்செட்டிப் பக்கம் யாரோ சம்பாதித்தார் என்று காதில் விழுந்திருக்கும். அவர் வக்கீலுக்குக் கொடுத்த கணக்கு காதில் விழுந்திருக்காது.

மாங்காய் விலைதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கு நான் மருந்து கொடுக்க முடியாது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. பறிப்புக்கு முன்பே கூழ் ஆலைகள் விலையை அறிவிக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்துத் தோப்புக்காரர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லி, எடுத்துக்கொண்டு போங்கள்.